எர்மியோனே: சான் கார்லோவில் வீழ்ந்த துன்பியல்

இசையமைப்பாளர் ரொஸ்ஸினி என்றவுடன் ‘செவில் நகரத்து நாவிதர்’ போன்ற நகைச்சுவை ஓபராக்களே நினைவுக்கு வருகின்றன எனினும், 1815 முதல் 1822 வரை நேபிள்ஸ் நகரின் சான் கார்லோ அரங்குக்கென அவர் எழுதியவை கனமான கதைப்பொருள் கொண்டவை. அந்த அரச அரங்கைக் குத்தகைக்கு எடுத்து நடத்திய தொமெனிகோ பார்பாயா, காபிக்கடைப் பணியாளாக வாழ்வைத் தொடங்கி, அரங்கக் கூடங்களில் சூதாட்டம் நடத்தும் உரிமையைப் பெற்றுச் செல்வரானவர். 1816இல் அரங்கு தீக்கிரையானபோது ஓராண்டுக்குள் அதை மீண்டும் எழுப்பித் திறந்தவரும் அவரே. இத்தாலியின் தலைசிறந்த வாத்தியக் குழுக்களுள் ஒன்றுக்குச் சூதில் தோற்றவர்களின் பணமே படியளந்தது எனலாம்.

இந்த வருவாயால் நிலையான பாடகர் குழு ஒன்றைப் பார்பாயாவால் வைத்துக்கொள்ள முடிந்தது. தெனர் என்பது ஆண்குரல்களுள் உயர்ந்த வகை. அவ்வகையைச் சேர்ந்த இருவரை, அதாவது கீழ்ச்சுரங்களிலும் கனத்து ஒலித்த அந்திரேயா நொத்ஸாரியையும் மேல்சுரங்களில் எளிதாக உலவிய ஜொவான்னி தாவிதையும், ஒரே மேடையில் எதிரெதிராக நிறுத்தி எழுதும் வாய்ப்பு ரொஸ்ஸினிக்குக் கிடைத்தது இதனால்தான்.

1819 மார்ச் 27 அன்று அரங்கேறிய ‘எர்மியோனே’ இந்த வாய்ப்பின் விளைவு. பிரெஞ்சு நாடக ஆசிரியர் ராசீனின் ‘ஆந்திரோமாக்’ நாடகத்தைத் தழுவி அந்திரேயா லெயோனே தொத்தோலா இதன் பாடல்நூலை எழுதினார். டிராய் நகரம் வீழ்ந்தபின், தனக்கு மணம் பேசப்பட்ட எர்மியோனேயை விலக்கிவிட்டு, சிறைப்பட்ட விதவை ஆந்திரோமாக்காவை மணக்க மன்னன் பீரோ துணிகிறான். அவமதிக்கப்பட்ட எர்மியோனே, தன்னை விரும்பும் ஒரெஸ்தேயின் கையில் குறுவாளைக் கொடுத்துப் பீரோவைக் கொல்ல ஏவுகிறாள். ஏவியபின் மனம் மாறித் தவிக்கும் அவள்முன் ஒரெஸ்தே இரத்தம் தோய்ந்த வாளுடன் திரும்பும்போது, அவனையே சபிக்கிறாள்.

கதையைவிட அதன் இசையமைப்பே அன்றைய வழக்கத்துக்குப் புறம்பாக இருந்தது. திரை உயரும்முன் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்க வேண்டிய முன்னிசையில், திரைக்குப் பின்னிருந்து டிராய் கைதிகளின் புலம்பல் குறுக்கிடுகிறது. அக்காலத் தனிப்பாடல் மெதுவான பகுதியில் தொடங்கி, கபலெத்தா எனப்படும் விரைவான, திரும்பப் பாடப்படும் பகுதியில் முடிந்து கைதட்டலுக்கு இடம்விடும். இரண்டாம் அங்கத்தில் எர்மியோனே பாடும் நீண்ட காட்சியிலோ கெஞ்சலும் சினமும் மாறிமாறி வர, நடுவே பீரோவின் திருமண ஊர்வலம் கடந்துபோக, அந்த வடிவம் பலமுறை உடைந்து மீண்டும் கூடுகிறது. தலைமைப் பாடகி இசபெல்லா கொல்ப்ரானின் நடிப்பாற்றலை நம்பியே இது எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை.

நேபிள்ஸ் மக்கள் துன்ப முடிவை வெறுத்ததால்தான் ‘எர்மியோனே’ தோல்வியடைந்தது எனக் கூறுவது பொருந்தாது. கொலையில் முடியும் ரொஸ்ஸினியின் ‘ஒத்தெல்லோ’வை அவர்கள் 1816இலேயே ஏற்றவர்கள், அதற்கு மங்கல முடிவு ஒட்டிப் பார்த்தது ரோம் நகரம்தான். பழகிய இடத்தில் கைதட்ட விடாத இசையே அவர்களை விலக்கியிருக்க வேண்டும். சில முறை மேடையேறியதோடு நின்றுபோன படைப்பின் பகுதிகளை ரொஸ்ஸினி அடுத்த மாதமே வெனிஸில் மேடையேறிய ‘எதுவார்தோ, கிறிஸ்தீனா’வில் தயக்கமின்றிப் பயன்படுத்திக்கொண்டார், மூலப்படைப்பு அவர் வாழ்நாளில் மீண்டும் மேடையேறவில்லை.

1977இல் சியேனாவில் கச்சேரி வடிவிலும், 1987இல் ரொஸ்ஸினி பிறந்த பேசரோவில் மேடையிலும் அது மீண்டது. மறக்கப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓபராக்களைப் பதிவுசெய்வதையே தொழிலாகக் கொண்ட ஓபரா ராரா நிறுவனம், டேவிட் பாரியின் தலைமையில் லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவுடன் செய்த ஒலிப்பதிவில் கார்மென் ஜன்னத்தாசியோ எர்மியோனேயாகப் பாடினார். திரையே இல்லாத ஒலிப்பதிவில் முன்னிசையில் வரும் கைதிகளின் புலம்பலின் தொலைவை ஒலிவாங்கிகளே உண்டாக்க வேண்டும். மேடையில் உடையும் உருவமும் பிரித்துக் காட்டும் இரு தெனர்களைக் குரலின் நிறம் ஒன்றே பிரித்துக் காட்ட வேண்டும். தாவிதின் வகையில் மேல்சுரங்களை எட்டும் பாடகர்கள் இப்போது பலர் உருவாகிவிட்டாலும், நொத்ஸாரியின் கனத்தோடு பீரோவைப் பாட ஒருவரைக் கண்டுபிடிப்பதே இந்த ஓபராவை எடுத்து நடத்த முனைவோருக்கு இன்றும் பெரும்பாடு.