தண்டவாளத்தின் கதை: கிளாப்பமில் வெட்டாமல் விட்ட வயர்

பிரிட்டனின் தண்டவாளங்களையும் சிக்னல்களையும் ஏற்ற ரெயில்டிராக் நிறுவனம் பிறந்த கதையை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். அதற்கு முன் டேவிட் மெய்ட்மென்ட் என்ற ரயில்வே அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் ஒரு வயரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

1988 நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. லண்டன் கிளாப்பம் ஜங்ஷனில் 1936இல் போட்ட சிக்னல்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சிக்னல்களை இயக்கும் மின்சுவிட்சுகள் இருக்கும் ரிலே அறையில் வேலை பார்த்த டெக்னீஷியனுக்கு 13 வாரங்களில் கிடைத்த விடுமுறை ஒரே ஒரு நாள். ஒரு பழைய வயரை அவர் ஒரு முனையில் மட்டும் கழற்றினார். மறுமுனை ஃப்யூஸிலேயே இருந்தது. கழற்றிய முனையை நறுக்கிக் குட்டையாக்கி, புது டேப் சுற்றி, பழைய இடத்தை எட்டாதபடி கட்டிவைத்திருக்க வேண்டும். அவர் வளைத்து ஒதுக்கியதோடு சரி. வயர்களை எண்ணிச் சரிபார்க்க வேண்டிய மேற்பார்வையாளரும் அதைச் செய்யவில்லை.

டிசம்பர் 11, இன்னொரு ஞாயிறு. பக்கத்தில் வேறு வேலை நடந்தபோது அந்த வயர் அசைந்து, பழைய இடத்தைப் போய்த் தொட்டது. சிக்னலை இயக்கும் ரிலேவுக்கு வரக்கூடாத மின்சாரம் வந்தது. அதன்பிறகு தண்டவாளத்தில் ரயில் நின்றாலும் சிக்னல் சிவப்புக்கு மாறாது.

மறுநாள் காலை எட்டு மணி தாண்டியதும் பேசிங்ஸ்டோக்கிலிருந்து வந்த ரயிலின் டிரைவருக்கு ஒரு சிக்னல் மேல் சந்தேகம் வந்தது. விதிப்படி வண்டியை நிறுத்திவிட்டுப் போனில் புகார் சொல்லப் போனார். அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வந்த பூல் ரயிலுக்குச் சிவப்பு காட்டவில்லை. அது வந்து மோதியது. எதிர்த்திசையில் வந்த காலி வண்டியும் மோதியது. 35 பேர் இறந்தார்கள்.

அந்த டெக்னீஷியனை என்னால் வில்லனாகப் பார்க்க முடியவில்லை. அவருடைய வேலை முறை தவறு என்று ஆண்டுக்கணக்கில் யாருமே அவரிடம் சொல்லவில்லை என்பதை ஆன்டனி ஹிடனின் விசாரணை வெளியே கொண்டுவந்தது. ஹிடன் தந்த பரிந்துரைகள் 93. அரசு ரயில்வேயான பிரிட்டிஷ் ரயிலுக்கு 2,50,000 பவுண்டு அபராதமும் விழுந்தது.

மெய்ட்மென்ட் வருவது இங்கேதான். கிளாப்பமுக்குப் பிறகு பிரிட்டிஷ் ரயிலின் பாதுகாப்புக் கொள்கையை அவர் கையில் கொடுத்தார்கள். விபத்து நடந்தபின் ஆளைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டு, விபத்து எங்கே கருவாகிறது என்று முன்கூட்டியே தேடும் வேலை அது. ஓவர்டைம், பயிற்சி, சரிபார்ப்பு எல்லாம் அதற்குள் வரும். கிளாப்பம் அரசு ரயில்வேயில் நடந்த விபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் பாடம் கற்றுக்கொண்டதும் அதே ரயில்வேதான். சிக்னல்காரரும் டிரைவரும் தண்டவாளப் பணியாளரும் அன்று ஒரே நிர்வாகத்தின் ஆட்கள்.

பிரதமர் ஜான் மேஜர் அரசின் மேல் எனக்குள்ள கோபம் இதில்தான். பாடம் மனதில் பதிவதற்குள் 1993இல் சட்டம் போட்டுப் பாகப் பிரிவினை செய்துவிட்டார்கள். தண்டவாளமும் சிக்னலும் ரெயில்டிராக்குக்கு, பயணிகள் ரயில்களை ஓட்டுவது 25 நிறுவனங்களுக்கு, பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களுக்கு. மெய்ட்மென்ட் ரெயில்டிராக்கின் பாதுகாப்புக் கொள்கைப் பொறுப்புக்குப் போனார். பாதுகாப்பு குறித்த ஒரே கேள்வியை அதன்பிறகு பல கம்பெனிகளின் கதவைத் தட்டிக் கேட்க வேண்டியிருந்தது. சிவப்பைத் தாண்டும் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவியை நாடு முழுக்கப் பொருத்தச் சொல்லியிருந்தார் ஹிடன். செலவு அதிகம் என்று 1995இல் அரசு அதைக் கைவிட்டது.

ரெயில்டிராக் 1994 ஏப்ரல் 1 அன்று பொறுப்பேற்றதையும் 1996இல் அதன் பங்குகள் சந்தைக்கு வந்ததையும் சொல்ல இந்த வாரம் இடம் போதவில்லை. ரெயில்டிராக்கின் பொறுப்பில் லண்டன் பாடிங்டன் அருகே எஸ்.என். 109 என்றொரு சிக்னல் இருந்தது. 1999 அக்டோபர் 5 அன்று அங்கே நடந்த விபத்துக்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் மட்டும் எட்டு முறை ரயில்கள் அதன் சிவப்பைத் தாண்டிப் போயிருந்தன. அடுத்த வாரம் அங்கிருந்து தொடங்குவேன்.