திரைக்கதை எழுத்துப்படிவம்

காட்சியின் இடம், நேரம், நிகழ்வு, வசனம் ஆகியவற்றைத் தாளில் எங்கே, எப்படி எழுதுவது என்பதற்குத் திரைத்துறை வகுத்துக்கொண்ட முறையே திரைக்கதை எழுத்துப்படிவம். ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், நடிகர் என ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தேடாமல் கண்டெடுக்க இது உதவுகிறது.

ஹாலிவுட் முறை தட்டச்சுப் பொறிக் காலத்தில் உருவானது. 12 புள்ளி கூரியர் எழுத்துருவில் எல்லா எழுத்தும் ஒரே அகலம், அங்குலத்துக்கு 10. நிகழ்வு இடப்புறம் ஒன்றரை அங்குலம் விட்டுத் தொடங்கும். வசனம் இன்னும் ஓர் அங்குலம் தள்ளி ஒடுங்கிய பத்தியாக அமையும். அதன் தலையில் பாத்திரத்தின் பெயர். இந்த அளவுகளில் எழுதிய ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். படப்பிடிப்புத் திட்டத்துக்காகப் பக்கத்தை எட்டாகப் பிரித்து, ஒரு காட்சி ‘எட்டில் மூன்று பக்கம்’ என்றுகூடக் கணக்கிடுவார்கள்.

காட்சித் தலைப்பு மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது: உள்ளா வெளியா, எந்த இடம், பகலா இரவா.

உள் – ரேஷன் கடை – பகல்

செல்வி கார்டை நீட்டுகிறாள். விற்பனையாளர் வாங்கவில்லை.

விற்பனையாளர்
பருப்பு தீர்ந்துபோச்சும்மா.

செல்வி
(தாழ்ந்த குரலில்)
அப்ப அந்த மூட்டை?

செல்வி வாசலுக்கு வந்துவிட்டால் புதிய தலைப்பு வேண்டும். வெளிச்சம் மாறுகிறது, கேமராவை வேறிடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. ‘தாழ்ந்த குரலில்’ என்ற அடைப்புக்குறிக் குறிப்பும் இந்தக் காட்சியில் அவசியம். அது இல்லையென்றால் அதே வரியை நடிகை கத்தியும் பேசலாம். வசனத்திலேயே கோபம் தெரியும்போது ‘கோபமாக’ என்று எழுதுவது வீண். நிகழ்வுப் பகுதியில் கண்ணும் காதும் அறிவதை மட்டுமே எழுதலாம்; ‘பழைய நினைவுகள் அவளை வாட்டின’ என்பதைப் படமெடுக்க முடியாது.

தமிழ்த் திரையுலகில் தாளை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் நிகழ்வும் வலப்பக்கம் வசனமும் எழுதும் வழக்கம் நெடுநாளாக உண்டு. வசனத்துக்குத் தனி எழுத்தாளர் இருந்த சூழலுக்கு இது பொருந்தியது. உதவி இயக்குநர் நடிகருக்கு வசனம் எடுத்துக்கொடுக்கவும் வசதி. ஆனால் எந்த வரிக்குப் பின் மௌனம், எந்தச் சொல்லில் திரும்பிப் பார்க்கிறாள் என்பதெல்லாம் இரு பத்திகளும் வரிக்கு வரி நேராக இல்லாவிட்டால் தொலைந்துபோகும். செல்வி காட்சியைப் போல நடிப்பு நுணுக்கமாக அமையும் இடங்களுக்கு ஒற்றைப் பத்தி முறையே சிறந்தது.

‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ‘ர’வும் ‘ண’வும் ஒரே அகலம் அல்ல, எழுத்துருவுக்கு எழுத்துரு பக்கத்தின் கொள்ளளவும் மாறும். தமிழில் எழுதுபவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, காட்சியை வாய்விட்டுப் படித்தே நேரத்தைக் கணக்கிட வேண்டும்.