லண்டன் பன்னாட்டு மைம் விழா, 1977–2023: ஒரு வரலாற்று நோக்கு

1958-இல் லண்டனில் ஜோன் லிட்டில்வுட்டின் நாடகக் குழு நீதிமன்றத்தில் அபராதம் கட்டியது. அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத வசனங்களை நடிகர்கள் மேடையில் பேசினார்கள் என்பதே குற்றம். 1737-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் தொடங்கி வைத்த தணிக்கை முறை அப்போதும் உயிரோடிருந்தது. நாடகம் எதுவாயினும் அரண்மனை உயர் அதிகாரி ஒருவரின் அலுவலகத்துக்கு முதலில் எழுத்தில் போக வேண்டும். ஒத்திகைக் கூடத்தில், நடிகர்களின் உடலிலிருந்து உருவாகும் நாடகத்துக்கு இந்த ஏற்பாடு எத்தனை பெரிய முட்டுக்கட்டை என்று விளக்க வேண்டியதில்லை. 1968-இல்தான் இத்தணிக்கை ஒழிந்தது. பேச்சைவிட உடலசைவால் கதை சொல்லும் கலையான மைமுக்கென நடந்த லண்டன் விழாவின் வரலாற்றை 1977-இலிருந்து எழுதுவது வழக்கம். எழுத்துப் பிரதியைச் சாராத அரங்குக்கு வழிவிட்டது தணிக்கை ஒழிப்பே என்பதால், அதை 1968-இலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிரான்சில் இதற்குள் இரு மரபுகள் வளர்ந்துவிட்டிருந்தன. எத்தியேன் தெக்ரூ உடலசைவுக்கு இலக்கணம் வகுத்தார். அவருடைய மாணவர் மார்செல் மார்சோ 1947-இல் ‘பிப்’ என்னும் வெள்ளைமுகப் பாத்திரத்தைப் படைத்து, அதைக்கொண்டு உலகையே வலம்வந்தார். ழாக் லெகோக் 1956-இல் பாரிசில் தொடங்கிய பள்ளியோ முகமூடி, கோமாளிக் கலை, கூட்டுப் படைப்பு என்று வேறு திசையில் போனது. மார்சோ மரபில் தனிக் கலைஞர் தலையெடுத்தார். லெகோக் மரபில் குழுக்கள் பிறந்தன. இந்த வேறுபாடு பின்னாளில் லண்டன் விழாவின் போக்கையே தீர்மானித்தது.

சிட்னியில் பிறந்து, பாலே கற்று, பிறகு மார்சோவிடம் பயின்றவர் நோலா ரே. அவரும் நாடக அமைப்பாளர் ஜோசப் சீலிக்கும் 1977-இல் காக்பிட் என்னும் சிறிய அரங்கில் விழாவைத் தொடங்கினார்கள். பின்னர் ஹெலன் லானகன் சீலிக்குடன் இணை இயக்குநராகச் சேர்ந்தார். அதன்பின் கடைசி வரை பொறுப்பு இவ்விருவர் கையில்தான். குழு மாற்றமும் கொள்கை மாற்றமும் சகஜமான நாடக உலகில் இப்படியொரு தொடர்ச்சி அரிது.

தொடக்கம் மார்சோ மரபிலிருந்து வந்தாலும் விழா அதோடு நின்றுவிடவில்லை. பொம்மலாட்டம், அன்றாடப் பொருள்களையே பாத்திரங்களாக்கும் பொருள் அரங்கு, முகமூடி நாடகம், விலங்குகள் இல்லாத புதிய சர்க்கஸ், நடனத்துக்கும் நாடகத்துக்கும் நடுவே நிற்கும் படைப்புகள் என எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்தது. வசனத்தைத் தூணாகக் கொள்ளாத எதுவும் வரலாம் என்பதே நடைமுறை விதி. வெள்ளைமுகக் கலைஞர்கள் சிலருக்கு இதில் மனத்தாங்கல் இருந்திருந்தால் வியப்பில்லை. என் கணிப்பில், விழாவை வாழவைத்ததே இந்தத் தாராளம்தான். கண்ணுக்குத் தெரியாத சுவரைத் தடவிக்காட்டும் வித்தையை மட்டும் நம்பியிருந்தால் பத்தாண்டு தாண்டியிருக்காது.

பார்பிகன் மையம், சவுத்பாங்க் மையம், ராயல் ஆப்பரா மாளிகையின் சிறிய அரங்கான லின்பரி என்று காலப்போக்கில் பெரிய வாசல்கள் திறந்தன. பந்தெறி கலையை நடனமாக்கிய காந்தினி குழு, பெல்ஜியத்தின் ‘பீப்பிங் டாம்’ போன்றோர் விழாவின் முகங்களாயினர். 2015-இல் பார்பிகனில் பீப்பிங் டாம் நிகழ்த்திய படைப்புக்குச் சிறந்த புதிய நடனத்துக்கான ஆலிவியே விருது கிடைத்தது. மைம் விழாவில் வந்த நாடகத்துக்கு நடன விருது! வகைப்பிரிப்பு எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

விழாவுக்கு வெளியேயும் மாற்றம் நடந்துகொண்டிருந்தது. லெகோக்கிடம் பயின்றவர்கள் 1983-இல் தொடங்கிய ‘கொம்ப்ளிசிதே’ குழு, ஆங்கில நாடகத்தின் முன்வரிசைக்கே வந்தது. 2007-இல் தேசிய அரங்கில் ஏறிய ‘வார் ஹார்ஸ்’ நாடகத்தில் நிஜக் குதிரையளவுப் பொம்மைகள் கதையின் பாரத்தைச் சுமந்தன. அதன் அசைவுகளை வடிவமைத்த டோபி செட்ஜ்விக், எழுபதுகளின் மைம் குழுவொன்றிலிருந்து வந்தவர். ஒரு காலத்தில் ஓரத்தில் நின்ற கலை, தனி விழா இல்லாமலேயே மைய மேடையை எட்டிவிட்டது.

2023-ஆம் ஆண்டு விழாவே கடைசி என்று சீலிக்கும் லானகனும் தாங்களே அறிவித்து முடித்தார்கள். இதைத் தோல்வியாகப் பார்ப்பது தவறு. வேலை பெரும்பாலும் முடிந்திருந்தது. 2024 முதல் அதே இருவரும் பார்பிகனுடன் சேர்ந்து ‘மைம்லண்டன்’ என்ற பெயரில் சிறிய அளவிலான நிகழ்ச்சித் தொடரை நடத்தத் தொடங்கினார்கள்.