ஓபியா, ஜிபிஇயா? பதினாறு எம்பிக்குள் ஒரு சண்டை

2003-ஆம் ஆண்டு. ஒருவர் கையில் காம்பேக் ஐபேக் கையடக்கக் கணினி இருக்கிறது. அதிலிருக்கும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட முடிவு செய்கிறார். அவருக்கு முதலில் வரும் கேள்வி லினக்ஸ் ஓடுமா என்பதல்ல, அது ஓடும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓபி போடுவதா, ஜிபிஇ போடுவதா என்பதுதான் கேள்வி. இரண்டும் வரைகலைச் சூழல்கள். திரையில் தெரியும் பட்டன், மெனு, முகவரிப் புத்தகம், நாட்காட்டி எல்லாம் இவற்றின் வேலை.

பிடித்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமே என்று இன்று தோன்றும். அன்று அது அவ்வளவு சுலபமில்லை. 2000-ல் வந்த ஐபேக் எச்3600 வரிசையில் 206 மெகாஹெர்ட்ஸ் ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, 32 எம்பி ராம், நிரந்தர சேமிப்புக்கு 16 எம்பி ஃபிளாஷ். அவ்வளவுதான். (இன்றைக்கு ஒரு செல்போன் புகைப்படமே சில எம்பி இருக்கிறது!) அந்த 16 எம்பிக்குள் கெர்னல், நூலகங்கள், பயன்பாடுகள் எல்லாம் அடங்க வேண்டும். இரண்டு சூழலையும் சேர்த்து வைக்க இடமில்லை.

நிறுவுவதும் சாகசம்தான். முதலில் ஃபிளாஷின் தொடக்கத்திலிருக்கும் பூட்லோடரையே மாற்றி எழுத வேண்டும். அது பாதியில் நின்றுபோனால் 499 டாலர் கருவி வெறும் பிளாஸ்டிக் பலகைதான். அதைத் தாண்டிவிட்டால் சீரியல் கேபிள் வழியாக லினக்ஸ் கோப்பை அனுப்ப வேண்டும். வினாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் 15 எம்பி போய்ச்சேர இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே எதைப் போடுவது என்பதை முன்பே யோசித்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன?

ஐபேக்கில் லினக்ஸைக் கொண்டுவந்தது காம்பேக்கின் கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம். விண்டோஸ் போட்டு விற்கும் கருவிக்கு அதே நிறுவனத்தின் ஆட்களே மாற்று இயங்குதளம் செய்தார்கள், அது ஒரு வேடிக்கை. அந்தக் கூட்டத்தில் ஜிம் கெட்டிஸ் இருந்தார். 1984-ல் எம்ஐடியில் எக்ஸ் விண்டோ உருவானபோது அதை எழுதியவர்களில் ஒருவர். எக்ஸை நன்கு அறிந்த கீத் பேக்கர்டு சிறிய கருவிகளுக்கென்று மெலிந்த எக்ஸ் சர்வர் ஒன்றை எழுதினார். அதன்மேல் ஜிடிகே+ நூலகம், ஒவ்வொரு பயன்பாட்டையும் முழுத்திரையில் காட்டும் மேட்ச்பாக்ஸ் சாளர மேலாளர், அதன்மேல் பயன்பாடுகள். இந்த அடுக்குதான் ஜிபிஇ.

ஓபியின் கதை நார்வேயில் தொடங்குகிறது. க்யூடி நூலகத்தை எழுதிய ட்ரோல்டெக் நிறுவனம், எக்ஸே இல்லாமல் நேரடியாகத் திரை நினைவகத்தில் வரையும் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதன்மேல் கட்டிய சூழல் க்யூடோபியா. ஷார்ப் நிறுவனம் இதைத் தன் ஸாரஸ் எஸ்எல்-5500 கருவியில் போட்டு 2002-ல் அமெரிக்காவில் விற்றது. மூலநிரல் ஜிபிஎல் உரிமத்தில் கிடைத்ததால், நிறுவனத்தின் வேகத்துக்குக் காத்திருக்க விரும்பாதவர்கள் அதே ஆண்டு நிரலை எடுத்துக்கொண்டு தனிக்கிளையாகப் பிரிந்தார்கள். அதுதான் ஓபி.

பயன்படுத்துபவர் பார்வையில் அப்போது ஓபி முந்தியிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரே கம்பெனி திட்டமிட்டுக் கட்டிய அஸ்திவாரம் என்பதால் எல்லாப் பயன்பாடும் ஒரே மாதிரி தோற்றமளிக்கும், ஒன்றோடொன்று பொருந்தும். ஜிபிஇ துண்டு துண்டாக வளர்ந்தது. ஆனால் எக்ஸ் இருந்ததால் மேசைக்கணினிக்காக எழுதிய நிரல்களைக் கொஞ்சம் மாற்றிக் கொண்டுவரலாம். கையடக்கக் கருவியில் ஓடும் நிரலை வலையமைப்பு வழியே பெரிய திரையில் காட்டலாம். எக்ஸ் ரொம்பக் கனம் என்று பலர் சொன்னார்கள். எக்ஸ் பிறந்தது ஐபேக்கைவிடப் பல மடங்கு மெதுவான வாக்ஸ் கணினிகளில் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

பெரிய வித்தியாசம் வேகத்தில் இல்லை, உரிமத்தில் இருந்தது. ஜிடிகே+ எல்ஜிபிஎல் உரிமம் கொண்டது. அதைப் பயன்படுத்தி மூடிய மென்பொருள் எழுதி விற்கலாம், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். க்யூடியில் இரண்டு வழி. மூலநிரலைத் திறந்து கொடுத்தால் இலவசம், மறைத்து விற்றால் ட்ரோல்டெக்கிடம் உரிமம் வாங்க வேண்டும். கணக்குப் பார்த்தால் இதில் அநியாயம் ஒன்றுமில்லை. அந்த வருமானத்தில்தான் முழுநேர ஆட்களை வைத்து க்யூடியை அவ்வளவு நேர்த்தியாக எழுத முடிந்தது. ஆனால் ஒரு சின்ன அகராதி எழுதிப் பத்து டாலருக்கு விற்க நினைத்த தனிமனிதருக்கு அந்த உரிமக் கட்டணம் பெரிய சுவர்.

இரண்டு கூட்டமும் தனித்தனியே நாட்காட்டி எழுதின, தனித்தனியே முகவரிப் புத்தகம் எழுதின. ஓபி தகவலை எக்ஸ்எம்எல் கோப்பில் வைத்தது, ஜிபிஇ எஸ்க்யூலைட்டில் வைத்தது. ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவுகிறவர் தன் தொலைபேசி எண்களையெல்லாம் எப்படிக் கொண்டுபோவது என்று தலையைச் சொறிய வேண்டியதுதான். ஏற்கெனவே ஆட்கள் குறைவு. இருந்தவர்களும் ஒரே வேலையை இரண்டு முறை செய்துகொண்டிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். 2005-ல் நோக்கியா தன் 770 இணையக் கருவிக்கு எக்ஸ், ஜிடிகே+, மேட்ச்பாக்ஸ் அடுக்கைத் தேர்ந்தெடுத்தது. ஜிபிஇ பக்கம் ஜெயித்துவிட்டது என்றுதான் தோன்றியது. மறுபக்கம் மோட்டோரோலா 2003-லேயே ஏ760 செல்போனில் க்யூடியைப் போட்டிருந்தது. முழுக்கக் கட்டற்ற செல்போன் செய்யக் கிளம்பிய ஓபன்மோகோ 2007-ல் ஜிடிகே+ வைத்துத் தொடங்கி, 2008-ல் க்யூடோபியாவுக்கு மாறியது. பாதி வழியில் அடித்தளத்தை மாற்றிய வீடு எப்படி இருக்கும்? அப்படித்தான் அதுவும் இருந்தது.

2008-ல் நோக்கியா சுமார் 10 கோடி யூரோ கொடுத்து ட்ரோல்டெக்கையே வாங்கியது. 2009-ல் க்யூடிக்கும் எல்ஜிபிஎல் உரிமம் வந்தது. அத்தனை வருடச் சண்டையின் மூலகாரணம் ஒரே அறிவிப்பில் காணாமல் போனது. ஆனால் ஐபேக்கையும் ஸாரஸையும் வைத்துக்கொண்டு சண்டை போட்டவர்களில் பலர் அதற்குள் அந்தக் கருவிகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார்கள். 2008-லேயே ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்தாயிற்று. அதிலும் உள்ளே லினக்ஸ் கெர்னல்தான், மேலே எக்ஸும் இல்லை, க்யூடியும் இல்லை. நோக்கியா 2011-ல் க்யூடி வைத்து என்9 என்ற அழகான போனை வெளியிட்டது. அதே ஆண்டு பிப்ரவரியிலேயே விண்டோஸ் போன் பக்கம் போகப்போவதாகவும் அறிவித்திருந்தது. 2003-ல் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்ட ஐபேக்காரர்கள் அதைப் படித்துச் சிரித்தார்களோ என்னவோ :-)

ஸாரஸுக்காக லினக்ஸ் கட்டியவர்கள் 2003 வாக்கில் உருவாக்கிய ஓபன்எம்பெடட் என்ற கட்டமைப்புக் கருவி மட்டும் சாகவில்லை. யோக்டோ திட்டம் என்ற பெயரோடு சேர்ந்து, சின்னச் சின்னக் கருவிகளுக்கு லினக்ஸ் தயாரிக்க அது இன்றும் பயன்படுகிறது. அதில் ஜிடிகே+ வேண்டுமா, க்யூடி வேண்டுமா என்று கட்டுபவரே தேர்வு செய்துகொள்ளலாம்.