கிறிஸ்தவர்: இகரமா, ஏகாரமா?

கிருஷ்ணன்தான் கிறிஸ்து ஆனான் என்று மேடைக்கு மேடை ஒருவர் முழங்குவதும் சபை கைதட்டுவதும் ஓய்ந்தபாடில்லை. ஓசை ஒத்தால் போதுமென்றால் கடலைக்கும் கடலுக்கும் கல்யாணமே செய்துவைக்கலாம். ‘கிருஷ்ண’ என்றால் கருமை. ரஷ்ய மொழியில் கறுப்பைச் சொல்லும் ‘சோர்னி’ அதற்குப் பங்காளி. ‘கிறிஸ்தோஸ்’ பிறந்ததோ பூசுதல் என்னும் பொருளுடைய ‘க்ரியோ’ என்ற கிரேக்க வினையில். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

எபிரேயத்தின் ‘மாஷியாஹ்’, எண்ணெய் பூசப்பெற்றவர், கிரேக்கத்தில் ‘கிறிஸ்தோஸ்’ ஆயிற்று. யூதர் காதில் அது அரசாபிஷேகம். வேதம் அறியாத கிரேக்கர் காதில் வெறும் களிம்புப் பூச்சு. அவர்களுக்குப் பழகிய சொல் ‘க்ரேஸ்தோஸ்’: நல்லவன், பயனுள்ளவன். ரோமில் அடிமைகளுக்குச் சாதாரணமாக வழங்கிய பெயர். அக்காலப் பேச்சில் ஏகாரம் இகரமாகத் தேய்ந்துகொண்டிருந்ததால் இரண்டும் ஒன்றாகவே கேட்டன.

சான்று வேண்டுமா? பேரரசர் கிளாடியஸ் யூதரை ரோமிலிருந்து விரட்டியதற்குக் ‘க்ரேஸ்துஸ்’ தூண்டிய கலகமே காரணம் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் சுவத்தோனியுஸ். ரோமின் 64ஆம் ஆண்டுத் தீவிபத்தை எழுதிய இன்னொரு வரலாற்றாசிரியர் தாசித்துஸின் பிளாரன்ஸ் கையெழுத்துப் படியில் முதலில் இருந்தது ‘க்ரேஸ்தியானி’. பின்னர்தான் ஒரு கை அதை இகரமாகச் சுரண்டியது. எதிரிகளின் பிழை என்று தள்ளிவிட முடியாது. நான்காம் நூற்றாண்டின் சினாய்த் திருமறைப் படியில் இச்சொல் வரும் மூன்று இடங்களிலும் முதல் எழுத்தர் இட்டது ஏகாரம். கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஒருபடி மேலே போய், எங்கள் பெயரைத் தவறாகச் சொன்னாலும் நன்மை என்றுதானே பொருள் வருகிறது என்று ரோம அதிகாரிகளையே மடக்கினார்.

விகுதியையும் பாருங்கள். தளபதி பொம்பேயின் ஆட்கள் ‘பொம்பேயானி’. சீசரின் ஆட்கள் ‘சேசரியானி’. ‘-இயானி’ லத்தீன் அச்சு, கட்சிக்காரரைக் குறிப்பது. கிறிஸ்துவைப் பின்பற்றியவர்களோ தங்களைச் சீடர், சகோதரர், ‘வழி’யைச் சேர்ந்தோர் என்றார்கள், யூதர் நசரேயர் என்றார்கள். அந்தியோக்கியாவில்தான் இப்பெயர் முதலில் வழங்கியது என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள். அந்நகர் சிரியா மாகாணத்துக்கே தலைநகர், ரோம ஆளுநரின் இருப்பிடம். அவர்களே சூட்டிக்கொண்ட பெயர் என்பார் வரலாற்றாசிரியர் பிக்கர்மன். நடபடிகளின் அந்த வரியிலுள்ள ஒரு வினைச்சொல்லைப் பிடித்துத் தொங்கும் வாதம், விட்டுவிடுவோம். 112 வாக்கில் பித்தினியாவிலிருந்து ஆளுநர் பிளினி பேரரசர் திராஜனைக் கேட்ட ஐயம், வேறு குற்றம் இல்லாவிட்டாலும் அந்தப் பெயருக்காக மட்டுமே தண்டிக்கலாமா என்பது. வழிபாட்டில் விளைந்த சொல்லா இது? வழக்குமன்றச் சொல்.

பின்னாளில் இதற்கு நேர்ந்ததும் வேடிக்கை. ‘பகானுஸ்’ என்ற நாட்டுப்புறத்தான் ஐரோப்பாவில் புறச்சமயத்தான் ஆனான்; ரஷ்யாவிலோ ‘க்ரெஸ்த்யானின்’ என்ற கிறிஸ்தவன் குடியானவன் ஆனான்.

அந்தியோக்கியாவில் ஒரு ரோமக் குமாஸ்தா இவர்களை முதன்முதலாகப் பதிவேட்டில் ஏற்றியபோது யாரோ ஓர் அடிமைத் தலைவனின் ஆட்கள் என்றே நினைத்திருப்பான். அவன் எழுதியது ஏகாரம்தான். எனக்குச் சந்தேகமில்லை.