கருங்காலிகள் கிடைக்காத வேலைநிறுத்தம்

எல்லா இனத்தாரையும் சங்கத்தில் சேர்ப்பதை ஏதோ பெருந்தன்மை மாதிரி பேசுகிறோம். ஹவாய் கரும்புத் தோட்டங்களின் கதையைப் படிச்சா அது வெறும் பிழைக்கிற வழின்னு புரியும்.

1909-ல் அங்கே ஒரே வேலைக்கு ஜப்பானியருக்கு மாதம் 18 டாலர், போர்ச்சுகீசியருக்கு 22.50. ஜப்பானியர் மட்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் மற்ற இனத்தாரை கருங்காலிகளாக இறக்கினார்கள், கதை முடிஞ்சது. 1920-ல் பிலிப்பினோக்களும் ஜப்பானியரும் ஒன்றாக நின்றார்கள். ஆனால் சங்கம் தனித்தனி. அதுவும் தோற்றது.

1946-ல் துறைமுகத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.டபிள்யூ.யூ. எல்லாரையும் ஒரே சங்கத்தில் சேர்த்திருந்தது. கூட்டத்தில் பேசுவதை அவரவர் மொழியில் சொல்ல ஆள் இருந்தார்கள். கமிட்டிகளில் எல்லா இனத்தாரும் உண்டு. முதலாளிகள் பிலிப்பைன்ஸிலிருந்து சுமார் 6,000 பேரை வரவழைத்தபோது, சங்கத்து ஆட்கள் கப்பலிலேயே அவர்களை உறுப்பினராக்கினார்கள்!

அந்த செப்டம்பரில் 34 தோட்டங்களில் 33 நின்றன. சுமார் 26,000 தொழிலாளர்கள். பொதுச் சமையல், மீன்பிடிக்கும் குழு, காவல்னு ஆளுக்கொரு வேலை. 79 நாள் தாங்கினார்கள், கூலி உயர்ந்தது.

என் கணக்கில், வெற்றிக்கு அடிப்படை அந்த மொழிபெயர்ப்புதான். கூட்டத்தில் பேசுறது புரியாதவர், சந்தா கட்டினாலும் வெளியாள்தான்.