தேறலும் தேனும்

திருவண்ணாமலைக்கு மேற்கேயுள்ள செங்கம், சங்க காலத்தில் செங்கண்மா எனப்பட்டது. அவ்வூர்த் தலைவன் நன்னனைப் பாடும் மலைபடுகடாம், அவனுடைய நவிரமலை மக்கள் மூங்கில் குழாயில் முதிரவைத்த தேன் தேறலைக் கூத்தர்க்கு அளிப்பதைக் குறிப்பிடுகிறது. ஐரோப்பியர் 'மீட்' எனும் தேன்மதுவும் இவ்வகையே. மலைமக்களுக்கு அது விருந்து. விற்பனைச் சரக்கு அன்று.

தேனை விற்பனைச் சரக்காக்கியது பெட்டி. அடையைப் பிழிந்தால் தேனோடு புழுவும் கூடும் அழியும். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் கழற்றி மாட்டக்கூடிய சட்டங்கள் கொண்ட பெட்டியை உருவாக்கினார். 1910களில் தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார், உடல் சிறுத்த நம் இந்தியத் தேனீக்கு ஏற்பச் சிறிய பெட்டியை அமைத்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அப்பெட்டி வேரூன்றிய இடம், அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டம். ஒய்.எம்.சி.ஏ. ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் 1924இல் அங்கே தேனீ வளர்ப்பைப் பரப்பினார். வீட்டுப் பின்புறத்தில் ஓரிரு பெட்டி என்ற பக்கத்தொழில், பிறகு கூட்டுறவுச் சங்கம் வழியாகச் சந்தையை அடைந்தது. தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது பலர் அறியாதது. இலையுதிர்ந்து தளிர்க்கும் பருவத்தில் ரப்பர் மரத்தின் இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பு நீரே அது.

1991-92இல் 'தாய் சாக்புரூட்' வைரஸ் பரவியது. புழுக்கள் கூட்டிலேயே மடிந்தன. தென்னிந்தியாவின் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. பெட்டியையே நம்பியிருந்தோர் காலிப் பெட்டியோடு நின்றனர். தப்பிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டது.

வளர்ப்போரின் மற்றொரு தொல்லை ஈரம். அடை மூடுமுன் எடுத்த தேனில் நீர் மிகுந்திருக்கும். ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்யும். தேறலைத் தந்த அதே இயல்பு, வணிகருக்கு நட்டம். நொதிக்கும் தேனை மதுவாக்கி விற்கலாமே எனில், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். சில்லறை விற்பனையும் 2003 முதல் டாஸ்மாக் வசமே. சிறு வளர்ப்பாளருக்கு அக்கதவு மூடியதே. 2018இல் தேன்மதுவைச் சந்தைக்குக் கொண்டுவந்த 'மூன்ஷைன்' நிறுவனம் புனேயைச் சேர்ந்தது.

செங்கத்திற்கு வடக்கே ஜவ்வாது மலையில் பழங்குடியினர் இன்றும் தேன் எடுக்கின்றனர். அது தேனாகவே புட்டியில் விற்கப்படுகிறது.